தாய் பாடிய பாட்டு: பாவலர் பிரதர்ஸ் வளர்ந்த கதை

போன ஆவணி மாதம் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து. வழக்கம் போல விடியற்காலை ஐந்து மணிக்கே ரேடியோ கட்டிவிட்டார்கள். சாமி பாட்டு முடிந்து சினிமாப் பாட்டு ஆரம்பமாயிற்று. நான் அடுப்படியில் பால் காய்ச்சிக் கொண்டிருந்தேன். வாசல் திண்ணையை ஒட்டிய கட்டிலில் அத்தை படுத்திருந்தார்.

அத்தை என்றால் என் மாமியார். வயது எண்பதுக்கு மேல். மாசி மாதம் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சும் போயிற்று. ஆறு மாதமாக "ம்... ம்..." என்பதைத் தவிர வேறு சத்தம் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் இடது கையால் சொம்பைக் காட்டுவார். நாம் தப்பாகப் புரிந்து கொண்டால் கண்ணில் நீர் கட்டிக் கொள்ளும். ஊரையே கூட்டிச் சேர்க்கிற குரல் உடையவர். அவரை இப்படிப் பார்ப்பது எங்களுக்கு எத்தனை வேதனை என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு ரேடியோவில் 'அன்னக்கிளி' படப் பாட்டு வந்தது. எஸ். ஜானகி பாடிய 'மச்சானைப் பார்த்தீங்களா'. இரண்டாவது வரி ஓடும் போது திண்ணைப் பக்கமிருந்து ஒரு கரகரத்த குரல் சேர்ந்து கொண்டது. வெறும் முணுமுணுப்பு அல்ல, வார்த்தை வார்த்தையாக!

பல் தேய்த்துக் கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "அம்மா பாடறாங்க பாரு! அம்மா பாடறாங்க!" என்கிறார். பொங்கி வழிந்த பாலை நான் கவனிக்கவே இல்லை.

பாட்டு முடிந்தது. "அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அவர் வாயைத் திறந்தார். "ம்... ம்..." அவ்வளவுதான்.

பேச்சு போனாலும் பாட்டு போகாது

மறு வாரம் டாக்டரிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளுகிற பகுதி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலது கை காலோடு பேச்சும் பாதிக்கும். ராகத்தையும் மெட்டையும் பிடித்து வைப்பதில் வலது பக்க மூளைக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் 'தண்ணி' என்று சொல்ல முடியாத சிலர், பல வருஷம் பாடிப் பழகிய பாட்டை வார்த்தையோடு பாடிவிடுகிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 1973-ல் இதையே ஒரு பயிற்சி முறையாக ஆக்கினார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களை இழுத்து, மெட்டுப் போட்டுச் சொல்ல வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்குக் கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிலருக்குப் பலித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் "வெயில்ல நின்னது, படுத்தா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

சரி, பாட்டுக்கு வருவோம். அத்தையின் மூளையில் இத்தனை ஆழமாகப் போய் உட்கார்ந்து கொண்ட அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? யார் போட்ட மெட்டு? "இது தெரியாதா, இளையராஜா!" என்பீர்கள். அவர் மட்டும் அல்ல. அவருக்குப் பின்னால் ஒரு பாட்டுக் குழு இருந்தது. அந்தக் குழுவுக்குப் பின்னால் ஒரு தாய் இருந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பண்ணைப்புரத்துப் பிள்ளைகள்

எங்கள் புதுச்சத்திரம் வழியாகப் போகிற இதே ரோட்டில் நாமக்கல், கரூர், திண்டுக்கல் தாண்டி, மேற்கே திரும்பினால் தேனி. அதற்கும் அப்பால் மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அங்கே ராமசாமி என்பவரின் குடும்பம். மூத்த தாரத்துப் பிள்ளை வரதராஜன். இளைய தாரம் சின்னத்தாயம்மாள். அவருடைய பிள்ளைகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். ராசையாதான் பின்னாளில் இளையராஜா. 1943-ல் பிறந்தவர். என் அத்தைக்கும் அதே வயசு! அமர்சிங்தான் கங்கை அமரன்.

வரதராஜன் பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர். 'பாவலர்' என்று ஊர் அவருக்குப் பட்டம் கொடுத்தது. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். மக்களுக்குத் தெரிந்த நாட்டுப்பாட்டு மெட்டையும் சினிமா மெட்டையும் எடுத்துக் கொண்டு, அதில் கூலி, விலைவாசி, பசி என்று அன்றாடக் கஷ்டத்தைப் போட்டுப் பாடுவார். மெட்டு ஏற்கெனவே தெரிந்தது, சேதி புதிது. கூட்டம் கேட்காமல் என்ன செய்யும்?

1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. அது தேயிலைத் தோட்டப் பிரதேசம். கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்கள் நிறைந்த இடம். அங்கே வேட்பாளராக நின்றவரும் ஒரு பெண்மணி, ரோசம்மா புன்னூஸ். வரதராஜன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

தம்பிகள் ஒவ்வொருவராக அண்ணனுடன் சேர்ந்தார்கள். ராசையா சேர்ந்த போது அவருக்கு வயது பதினாலு. 'பாவலர் பிரதர்ஸ்' என்ற குழு உருவாயிற்று. பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போவார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு.

பெண் குரலில் பாடிய பையன்

இந்தக் குழுவில் பெண்கள் கிடையாது. ஆனால் ஆணும் பெண்ணுமாகப் பாடுகிற பாட்டுகள் உண்டே? பையன் ராசையாதான் பெண் குரலில் பாடுவார். மீசை முளைக்கிற வயசில் குரல் உடைந்தது. கூட்டம் சிரித்தது. அதன் பிறகு அவர் ஆர்மோனியத்தின் பக்கம் போனார். பெண் குரல் வேலை கடைசித் தம்பி அமருக்கு வந்தது.

அந்த ஆர்மோனியத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. கோவையில் அண்ணன் 85 ரூபாய் கொடுத்து வாங்கியது என்று இளையராஜாவே மேடையில் சொல்லியிருக்கிறார். தம்பிகள் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அடி. அண்ணன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாகத் தடவித் தடவிக் கற்றுக் கொண்டார். பிற்காலத்தில் எத்தனையோ வாத்தியம் வந்த பிறகும் அந்தப் பழைய பெட்டியை அவர் விடவில்லை.

ரேடியோவை விற்ற தாய்

1968. பாஸ்கரும் ராசையாவும் சென்னைக்குப் போய்ச் சினிமாவில் முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். கையில் காசில்லை. சின்னத்தாயம்மாள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் இருந்த ரேடியோவை விற்றார். நானூறு ரூபாய் கிடைத்தது. அதை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்து வீட்டில் ரேடியோ என்றால் எவ்வளவு பெரிய சொத்து! பாட்டுக் கேட்கிற பெட்டியை விற்று, பாட்டுப் போடப் பிள்ளைகளை அனுப்பினார். நகையை விற்றுப் படிக்க வைத்த தாய்மார்கள் நம்மில் ஏராளம். எந்தப் பரீட்சையும் எந்த உத்தியோகமும் நிச்சயமில்லாத பாட்டை நம்பி விற்கத் தனித் தைரியம் வேண்டும்.

சென்னையில் பிள்ளைகள் சுகப்பட்டு விடவில்லை. ஏற்கெனவே அங்கே போயிருந்த நண்பர் பாரதிராஜா துணை. அவர் தேனிப் பக்கத்தில் சுகாதார ஆய்வாளர் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். ராசையா தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் படித்தார். லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிதார் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். இப்படியே எட்டு வருஷம்! இதற்கிடையே 1973-ல் பாவலர் வரதராஜன் காலமாகிவிட்டார். தம்பிகள் பேர் வாங்கியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அன்னக்கிளி பறந்தது

1976. கதாசிரியர் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' என்ற கிராமத்துக் கதைக்கு ராசையாவை ஒப்பந்தம் செய்தார். படத்தில் என்ன பெயர் போடுவது? 'பாவலர் பிரதர்ஸ்' என்று போடலாம் என்பது ராசையாவின் ஆசை. அது பழைய தினுசாக இருக்கிறது என்று நினைத்த பஞ்சு, ஏ.எம். ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் 'இளைய'வைச் சேர்த்து 'இளையராஜா' என்று வைத்தார். குழுவின் பெயர் திரைக்கு வரவில்லை. ஆனால் குழுவின் பாட்டு வந்தது.

முதல் பாட்டுப் பதிவு ஆரம்பிக்கும் போது மின்சாரம் போய்விட்டது. அபசகுனம் என்று முணுமுணுப்பு. மின்சாரம் திரும்பி வந்தது, பாட்டும் பதிவாயிற்று. அந்த வருஷம் மே மாதம் படம் வெளிவந்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

அந்தச் சமயம் நம் ஊர்களில் இந்திப் பாட்டு மோகம். 1973-ல் வந்த 'பாபி' பாட்டு தெருவெல்லாம் ஒலித்தது. 'அன்னக்கிளி' வந்ததும் கதை மாறியது. என் வீட்டுக்காரருக்கு அப்போது எட்டு வயசு. அத்தை அவரை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் கூட்டிப் போன பிள்ளைகளோடு டெண்டுக் கொட்டாய்க்கு அழைத்துப் போனாராம். மறுநாள் கடலைக்காய்க் காட்டில் களை வெட்டும் போது அத்தனை பெண்களும் அதே பாட்டைப் பாடினார்களாம். "புதுப் பாட்டுன்னே தோணலை கண்ணு. எங்க பாட்டையே யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்று அத்தை ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அதில் என்ன விசேஷம்?

அத்தை சொன்னதுதான் விசேஷம். நம் பெண்கள் வேலை செய்யும் போது பாடுகிற பாட்டைக் கவனியுங்கள். நாற்று நடும் போது, களை எடுக்கும் போது, கம்பு குத்தும் போது குனிந்து நிமிர்கிறோம். மூச்சு வாங்குகிறது. அதனால் மெட்டு நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றும். ரொம்ப மேலேயும் போகாது, ரொம்பக் கீழேயும் இறங்காது. உலக்கை விழுகிற அடிதான் தாளம். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அப்படிப் பாடினால் எல்லார் கையும் ஒன்றாக ஓடும், அலுப்பும் தெரியாது.

சின்னத்தாயம்மாள் பாடிய தாலாட்டையும் நாட்டுப்பாட்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த மெட்டின் எலும்பை உடைக்கவில்லை. அதன் அடியில் கிதாரையும் வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் வைத்தார்கள். 'அன்னக்கிளி'யில் நெல் குத்துகிற பெண்களின் பாட்டான 'சுத்தச் சம்பா'வை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். உலக்கைச் சத்தம் உங்கள் காதில் விழும்.

இன்னொரு விஷயம். மேடையில் பையன்கள் பாடிய பெண் குரல், இப்போது உண்மையான பெண் குரலாயிற்று. எஸ். ஜானகி ஆந்திரத்தில் பிறந்தவர். ஆனால் நம் காட்டு வேலைக்காரப் பெண் போலவே பாடினார். அடுத்த வருஷம், 1977-ல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. அதில் 'செந்தூரப்பூவே' பாட்டை எழுதியவர் கங்கை அமரன். பாடிய ஜானகிக்குத் தேசிய விருது. அண்ணன் மெட்டு, தம்பி பாட்டு. பாவலர் குழு வேறு ரூபத்தில் ஜீவித்திருந்தது!

1989-ல் கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' வந்தது. கரகமும் தவிலும் நாயனமும் சினிமாவுக்குள் புகுந்தன. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. 'மாங்குயிலே பூங்குயிலே' கேட்காத கல்யாண வீடு உண்டா? எங்கள் பக்கம் லாரிக்காரர்கள் நிறைய. நாமக்கல் லாரி கல்கத்தா போனாலும் சரி, டில்லி போனாலும் சரி, வண்டியில் அந்த கேசட் ஓடிக் கொண்டிருக்கும்.

கடல் கடந்தும் இதே கதைதான்

இது நம் ஊர் அதிசயம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் மலைநாட்டு மக்களின் பாட்டை 'கண்ட்ரி' இசை என்கிறார்கள். அதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானது கார்ட்டர் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவுக்காரப் பெண் மேபெல் என்று மூன்று பேர். 1927 ஆகஸ்ட் மாதம் பிரிஸ்டல் என்ற ஊரில் ரிக்கார்டு கம்பெனிக்காரர்கள் பாட்டுப் பதிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மலைப் பாதையில் போய்ச் சேர்ந்தார்கள். சாராவின் இடுப்பில் கைக்குழந்தை. மேபெல் கர்ப்பிணி! அப்படிப் போய்ப் பாடிய பாட்டுகள்தான் ஒரு தேசத்தின் இசையையே மாற்றின. ஏ.பி. கார்ட்டர் பிறகு வீடு வீடாகப் போய், கிழவிகளும் கூலிக்காரர்களும் பாடிய பாட்டைச் சேகரித்தார்.

எங்கே பார்த்தாலும் ஊற்று ஒன்றுதான். அடுப்படி, தொட்டில், வயற்காடு.

மைக்குக்கு முன்னால் வந்த பெண்கள்

நம் நாட்டிலும் அந்த ஊற்றே நேராக மைக்குக்கு வந்ததுண்டு. சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் நாட்டுப்பாட்டுப் பாடிக் கொண்டிருந்தவர். 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்து, தன் குரலிலேயே பாடினார். அந்தப் படத்துக்கும் இசை இளையராஜாதான். கருப்பாயி 2025-ல் மறைந்தார். எத்தனை பாட்டுகளை அவர் தம்மோடு கொண்டு போனாரோ!

பெண் குரலுக்கு ஆண் பிள்ளைகள் பாடிய பாவலர் குடும்பத்திலேயே ஒரு பெண் குரல் எழுந்தது. இளையராஜாவின் மகள் பவதாரிணி. 2000-ல் வந்த 'பாரதி' படத்தில் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடித் தேசிய விருது வாங்கினார். அதுவும் நாட்டுப்பாட்டு மணம் வீசும் மெட்டுத்தான். புற்றுநோயால் 2024 ஜனவரியில் அவர் மறைந்த போது, நேரில் பார்த்திராத நாமே நம் வீட்டுப் பெண் போனது போல் கலங்கினோம் அல்லவா?

2025 மார்ச் 8 அன்று, லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழு இளையராஜா எழுதிய சிம்பொனியை வாசித்தது. அன்றைக்கு மகளிர் தினம். அவருக்கு வயது எண்பத்தொன்று. தற்செயலாக அமைந்த நாள்தான். ஆனாலும் எனக்கு அந்த நானூறு ரூபாயின் நினைவுதான் வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தைக்குச் சொந்தப் பாட்டுகள் எத்தனையோ தெரியும். கடலைக்காய் உரிக்கையில் ஒன்று, குச்சிக்கிழங்குத் தோல் சீவுகையில் ஒன்று. என் பிள்ளைகளைத் தூங்க வைத்ததெல்லாம் அவர் தாலாட்டுத்தான். "எழுதி வெச்சுக்கோ கண்ணு, எனக்கப்புறம் யாருக்குத் தெரியும்?" என்பார். "அப்புறம் எழுதிக்கலாம் அத்தை" என்பேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

காதுகுத்து நடந்த அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது. தினமும் சாயங்காலம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு ஞாபகமுள்ள தாலாட்டின் முதல் வரியை மெட்டோடு எடுத்துக் கொடுக்கிறேன். சில நாள் பேசாமல் பார்த்துக் கொண்டிருப்பார். சில நாள் பிடித்துக் கொள்வார். அவர் பாடுவதை என் மகள் செல்போனில் பதிவு செய்கிறாள், நான் நோட்டில் எழுதுகிறேன். இது வரை பதினொரு பாட்டு. அதில் நாலுதான் முழுசு. மற்ற ஏழும் பாதியில் நிற்கின்றன. மீதியை எங்கே போய்க் கேட்பேன்?

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்:

• "பாட்டுப் பாடுங்க" என்று நேராகக் கேட்டால் பெரியவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். முறத்தைப் பிடித்தால் பாட்டுத் தானாக வரும்.

• செல்போனைப் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர்ப் பாட்டு, எந்த வேலைக்குப் பாடுவது, யாரிடம் கற்றது என்பதையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள்.

• நோட்டில் எழுதும் போது அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். நம் படிப்பைக் காட்டித் திருத்த வேண்டாம்.

• ஒப்பாரியை அபசகுனம் என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் வேண்டாம் என்றால் காட்டுப் பக்கமோ கோயில் மரத்தடியிலோ உட்கார்ந்து கேளுங்கள்.

• வாதம் வந்து பேச்சு இழந்தவர் வீட்டில் இருந்தால் அவர் இளமையில் பாடிய பாட்டைப் போட்டுப் பாருங்கள். பேச்சுப் பயிற்சி தருபவரிடமும் இதைச் சொல்லுங்கள். வைத்தியத்தை மட்டும் நிறுத்தக் கூடாது.

ராசையாவுக்குத் தாய் பாடியது காதில் விழுந்தது, அவர் அதை விடாமல் பிடித்துக் கொண்டார். அதனால் அது உலகத்துக்கே கிடைத்தது. நம் வீட்டுப் பாட்டு உலகத்துக்குப் போக வேண்டாம். நம் பேரப் பிள்ளையின் தொட்டில் வரைக்கும் போனால் போதாதா?

போன வாரம் ஒரு நாள் மத்தியானம். நான் துணி காயப் போட்டுக் கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தாலாட்டு மெட்டில் ஒரே ஒரு வார்த்தை, இழுத்து இழுத்துக் கேட்டது. "தண்...ணீ..."

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு, சொம்போடு ஓடினேன்.